கால் நூல்

என் அண்ணனுக்குக் கை நீளம் என்று ஊர் சொன்னது. கை நீட்டியவன் நான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், போடியில் ஓர் ஏலக்காய்க் குடோன் முற்றத்தில், நாற்பது ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, என்னைவிட ஆறு வயது மூத்தவரை இருபத்துநாலாம் நம்பர் ஸ்பேனரால் அடித்தேன். முதல் அடி வலது மணிக்கட்டில் விழுந்தது. இரண்டாவது வாயில். முன்பல் இரண்டு அங்கேயே உதிர்ந்தன. கீழே விழுந்த பிறகும் விடாமல் விலாவில் மிதித்தேன். யாரும் என்னைப் பிடித்து நிறுத்தவில்லை. திருடனை வெளியாள் அடித்தால் போலீஸ் கேஸ், கூடப் பிறந்தவன் அடித்தால் நியாயம். அந்த நியாயத்தைச் செய்துவிட்ட திமிரோடு என் லேத் பட்டறைக்குத் திரும்பினேன். ஸ்பேனரைத் துடைத்து ஆணியில் மாட்டிவிட்டு, பாதியில் விட்ட வேலையை முடித்தேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "அந்தப் பட்டறையில சம்மட்டியும் அடிக்கும், ஓனரும் அடிப்பாரு" என்று ஜீப் டிரைவர்கள் கேலி செய்வார்கள். அதைப் பெருமையாக நினைத்துத் திரிந்த காலம் ஒன்று இருந்தது.

அண்ணன் அந்தக் குடோனில் காய் சலிக்கிறவர். மலையிலிருந்து உலர்ந்து வரும் ஏலக்காயைத் துளை போட்ட தகட்டுச் சல்லடையில் கொட்டி ஆட்ட வேண்டும். எட்டு எம்எம் துளையில் விழாமல் மேலே நிற்கும் காய்தான் ராஜா. விழுந்தது அடுத்த தரம், விலையும் மட்டம். சின்ன விவசாயிகள் வீட்டிலேயே ஒரு தடவை சலித்துப் பார்த்துவிட்டுத்தான் கொண்டுவருவார்கள். அந்த வருஷம் வீட்டில் மேலே நின்ற காய் குடோனில் நிற்கவில்லை. மூட்டைக்கு மூட்டை பெருங்காய் குறைந்தது, ஆனால் மொத்த எடை சரியாக இருந்தது. சலிக்கிறவன் பெருங்காயை ஒதுக்கிக்கொண்டு அதே எடைக்குச் சிறுகாயைப் போட்டு நிரவுகிறான் என்று குடோன் கணக்கப்பிள்ளை எல்லார் முன்னாலும் சொன்னார்.

அவ்வளவுதான். பொட்டிபுரத்து அக்கா ஒருத்தி, புருஷனைப் பறிகொடுத்துவிட்டு மேலே நாலு ஏக்கர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்குப் பார்க்கிறவள், அண்ணனின் சட்டையைப் பிடித்து முகத்தில் காறித் துப்பினாள். "எம்புள்ளைக வாயில மண்ணப் போட்டியேடா களவாணிப் பயலே!" அவள் கத்தியது தெருமுனையில் இருந்த என் பட்டறை வரை கேட்டது. கையில் இருந்த ஸ்பேனரோடு ஓடினேன். "திருடுனியா இல்லையா, சொல்லு" என்றேன். அண்ணன் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. குற்றம் செய்தவனுக்குத்தான் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று நான் முடிவு செய்துகொண்டேன்.

மறுநாள் அண்ணனும் மதினியும் ஒரு ஜீப்பில் பாத்திரம் பண்டத்தை ஏற்றிக்கொண்டு மலையேறிப் போய்விட்டார்கள். உடும்பன்சோலைப் பக்கம் ஓர் எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் அடுப்பு பார்க்கும் வேலை. அப்பா செத்தபோது வந்தார். மூத்தவர்தான் கொள்ளி வைக்க வேண்டும். களவாணி கையால் கொள்ளி வேண்டாம் என்றார்கள் பங்காளிகள். நான் வைத்தேன். அண்ணன் சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு அடுத்த ஜீப்பில் திரும்பிவிட்டார். யாராவது அவரைப் பற்றிக் கேட்டால், "அவன் எனக்கு அண்ணனே இல்ல" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மழைக்காலத்தில் ஒரு பெண் பட்டறைக்கு வந்தாள். போடிமெட்டுக்கு மேலே சுற்றுலாக்காரர்களுக்கு நாலு அறை கட்டி வாடகைக்கு விடுகிறாள், கோயம்புத்தூர்க்காரி. போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பல்சக்கரம், செம்புக்குழாய், பிரஷர் மீட்டர் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்து, நடுவில் ஒரு பல்பு.

"இந்த மாதிரி லைட்டுக்கு ஒரு மூடி வேணுண்ணா. இதுக்குப் பேரு ஸ்டீம்பங்க்."

"பெட்ரோல் பங்க் தெரியும். ஸ்டீமுக்கு எங்கன தாயி இருக்கு பங்க்கு?"

அவள் சிரித்துவிட்டு விளக்கினாள். நீராவி காலத்து மெஷின் மாதிரி இருக்க வேண்டுமாம். எல்லாம் பழைய சாமானில் செய்ய வேண்டுமாம். பெயின்ட் அடிக்கக் கூடாதாம். பழசைப் புதுசாக்கித் தரச் சொல்லித்தான் எங்கள் ஊரில் ஆள் வரும். பழசைப் பழசாகவே கேட்டு வந்தது இவள் ஒருத்திதான். சரி, கிறுக்குக்குக் காசு கொடுக்கிறாள், நமக்கென்ன என்று ஒப்புக்கொண்டேன்.

பழைய இரும்புக்கடை பாய் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அவர் கடைப் பின்புறத்தில் புகுந்தால் மலையில் செத்துப்போன மெஷின்கள் எல்லாம் கிடக்கும். தேயிலை ஃபேக்டரி பாய்லரில் இருந்து கழற்றிய பிரஷர் மீட்டர் ஒன்று எடுத்தேன், கண்ணாடி உடையாமல் இருந்தது. கொண்டை ஊசி வளைவில் உருண்ட ஜீப்பின் கியர் பெட்டியை உடைத்து மூன்று பல்சக்கரம் எடுத்தேன். செம்புக்குழாய் நாலடி, பித்தளை வால்வு ஒன்று. மூடிக்கு உடம்பு வேண்டும். துளை போட்ட தகடு கிடைத்தால் வெளிச்சம் புள்ளி புள்ளியாக விழும்.

"சல்லடைத் தகடு இருக்கு மாப்ளே. ஒங்கண்ணன் சோலி பாத்த குடோன இடிச்சாங்கல்ல, அந்தச் சாமான் அம்புட்டும் நம்மகிட்டதான் வந்துச்சு" என்றார் பாய். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார். "வேண்டாம்னா விடு."

"குடுங்க பாய்" என்றேன். வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் அந்தத் தகட்டைக் கண்டதும் ஒரு வெறி வந்தது. எங்கள் குடும்பத்துக்குக் களவாணிப் பட்டம் வாங்கிக் கொடுத்த சனியனை என் கையாலேயே அடித்து வளைக்க வேண்டும்.

வளைத்தேன். பழைய கேஸ் சிலிண்டர் ஒன்றைத் தரையில் படுக்கவைத்து, தகட்டை அதன்மேல் சங்கிலி போட்டுக் கட்டி, கேஸ் வெல்டிங் சுடரில் செக்கச்செவேலென்று காய்ச்சி அடித்தேன். மரச்சுத்தி போதும் என்கிற வேலைக்கு நாலு கிலோ சம்மட்டியை எடுத்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கெட்ட வார்த்தை. பக்கத்து டயர் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "யாரை அடிக்கிறீங்க?" என்று கேட்டார். சங்கிலி ஒரு தடவை தெறித்து முழங்காலைப் பிளந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி அடித்தேன். பீப்பாய் மாதிரி உருண்டு வந்ததும் இரண்டு விளிம்பையும் சேர்த்து ரிவிட் அடித்தேன். மேலே செம்புக்குழாயைப் பாம்பு போலச் சுற்றி, வால்வைத் தலையில் வைத்து, பல்சக்கரங்களைப் பக்கவாட்டில் வெல்டு செய்து, மீட்டரை நெற்றியில் பொருத்தினேன். கம்பி பிரஷ்ஷால் துரு தேய்த்து, பழைய என்ஜின் ஆயிலைப் பூசினேன். சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

மத்தியானம் ஷட்டரை இறக்கிவிட்டு, இருட்டாக்கி, உள்ளே ஒரு பல்பை மாட்டிப் போட்டுப் பார்த்தேன். சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளிகள். மனசு குளிர்ந்தது ஒரு நிமிஷம்தான். அப்புறம் கண் உறுத்தியது. ஓரத்தில் விழுந்த புள்ளிகள் சின்னவை, நடுவில் விழுந்தவை பெரியவை. ஆப்பத்தில் நடுவில் பெரிய கண்ணும் ஓரத்தில் பொடிக் கண்ணும் இருக்குமே, அப்படி. பல்பு கோணலாக இருக்கிறது என்று நினைத்துத் திருப்பி மாட்டினேன். மாறவில்லை. மூடியைச் சுற்றினேன். பெரிய புள்ளிக்கூட்டமும் அதோடு சேர்ந்து சுவரில் சுற்றியது. கோளாறு பல்பில் இல்லை, தகட்டில்தான்.

எட்டு எம்எம் போல்ட் ஒன்றை எடுத்து ஓரத்துத் துளையில் நுழைத்தேன். இறுக்கமாக நின்றது. நடுத்துளையில் விட்டேன். லொடலொடவென்று ஆடியது. இன்னொரு துளையில் விட்டேன். அதிலும் ஆடியது. நடுவில் இருந்த அத்தனை துளையிலும் ஆடியது.

காயைத் திருடியது அண்ணன் இல்லை. சல்லடைதான் பெருங்காயைக் கீழே தள்ளியிருக்கிறது. சந்தேகப்பட்டு யாராவது அளந்தாலும் சட்டத்தை ஒட்டிய ஓரத்தில்தான் அளப்பான், அங்கே எட்டு எம்எம் பொய் சொல்லாது. நடுவில் துளையைக் கூட்டி வைத்து, விழுந்த பெருங்காயைக் குடோன்காரர்கள் சிறுகாய் விலைக்கு எடுத்திருக்கிறார்கள். குடோன் முதலாளி எப்போதோ செத்துப்போனார். கணக்கப்பிள்ளை ராசிங்காபுரத்தில் உயிரோடு இருந்தார்.

விளக்கை ஒரு சாக்கில் போட்டு பைக்கின் பின்னால் கட்டினேன். சுத்தியலை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்றைக்கு அவரைக் கொன்றுவிடுவது என்றுதான் போனேன். இதை இப்போது எழுதும்போது மெருகு போட்டுச் சொல்லவில்லை. வழியெல்லாம் எங்கே அடித்தால் உடனே சாவான் என்றே யோசித்துக்கொண்டு போனேன்.

அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். "வாப்பா, என்ன இங்கிட்டு?" என்றார். சாக்கை அவிழ்த்துக் காலடியில் வைத்தேன். குனிந்து பார்த்தவருக்குத் தகடு அடையாளம் தெரிந்துவிட்டது.

"அட, வெளக்காக்கிட்டியா!" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு முடியவில்லை, கன்னத்தில் விழுந்தது ஒன்று. தோளில் கிடந்த துண்டைக் கழுத்தோடு சேர்த்து முறுக்கிக் கொட்டகைத் தூணில் மோதினேன். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொரு தடவை மோதினேன். மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது. வீட்டுக்குள் இருந்து அவருடைய மருமகள் பண்ணரிவாளோடு ஓடிவந்தாள். "விடுடா எங்க மாமாவ! வெட்டிப்புடுவேன்!" என்றாள். வெட்டவும் செய்தாள், என் முழங்கையில் தோல் பிளந்தது. நான் துண்டை விடவில்லை.

"எங்கண்ணனக் களவாணியாக்கிட்டியேடா" என்று கத்தினேன்.

அவருக்கு மூச்சு இழுத்தது. அதற்குள்ளும் அந்த மனுஷன் குரலில் ஒரு நக்கல் இருந்தது. "எங்கழுத்த நெரிக்கிறயே... ஓட்டையப் போட்டது யாரு?"

"யாருடா?"

"நீதான்டா."

துண்டு என் கையில் இருந்து நழுவியது.

"மழை பெஞ்ச அன்னைக்கு நாலு தகடு சாக்குல சுத்திக் கொண்டாந்தேன். காய் சிக்குது, கால் நூல் கூட்டிப் போடுன்னேன். ஓரத்துல நாலு விரக்கடை விட்ரு, அது சட்டத்துக்குள்ள போயிரும்னு புளுகுனேன். போட்டுக் குடுத்தே. மறந்துட்டியா?" என்றார், தரையில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக்கொண்டே.

மறந்துதான் போயிருந்தேன். அவர் சொல்லச் சொல்லத் திரும்பி வந்தது. காய் துளையில் சிக்கினால் சலிக்கிறவன் குச்சியால் தட்டித் தட்டி எடுக்க வேண்டும், அது பெரிய தொந்தரவு. "ஒங்கண்ணனுக்குத்தான் சோலி சுளுவாகும்" என்றும் அவர் சொன்னார். அதனால் அன்றைக்கு வேறு வேலையைத் தள்ளி வைத்துவிட்டு, வெரசாக அந்த நாலு தகட்டையும் முடித்தேன். அண்ணனுக்கு நல்லது செய்கிறோம் என்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது.

எங்கள் ஊரில் காய்க்காரர்களுக்கு எம்எம், பட்டறைக்காரர்களுக்கு நூல். அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். எட்டு எம்எம் என்பது எங்கள் வாயில் இரண்டரை நூல், அதில் கால் நூல் கூட்டினால் இரண்டேமுக்கால். கால் நூலைக் கொத்தனார் கண்டுகொள்ள மாட்டார், கேட் செய்கிறவன் கணக்கிலேயே எடுக்க மாட்டான். ஏலக்காய்க்கு அது ஒரு முழுத் தரம். எட்டு எம்எம்மைக் கூட்டு என்று அவர் கேட்டிருந்தால் போடியில் சின்னப்பிள்ளைகூடச் சுதாரித்துக்கொள்ளும், எட்டு என்ற எண்ணுக்கு எங்கள் ஊரில் அப்படி ஒரு மரியாதை. அவர் பட்டறை பாஷையில் கேட்டார். நான் பட்டறைக்காரனாகவே காதில் வாங்கினேன். ஒரே ஊரில் இரண்டு அளவு வைத்துக்கொண்டு வாழ்கிறோம், ஒன்றுக்கொன்று ஒருநாளும் பெயர்த்துப் பார்த்ததில்லை.

பட்டறைக்கு வந்ததும் டிரில் பிட் பெட்டியைத் தரையில் கவிழ்த்தேன். இரண்டேமுக்கால் நூல் பிட் ஒன்றே ஒன்றுதான் என்னிடம் உண்டு, அந்த வேலைக்காகவே வாங்கியது. எடுத்து நடுத்துளையில் விட்டேன். அச்சாகப் பொருந்தியது. கையில் வழிந்த ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அதை வெளியே எடுப்பதும் உள்ளே விடுவதுமாக எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியவில்லை.

துளை போட்டதும் நான், அந்தத் துளைக்காக அண்ணன் பல்லை உடைத்ததும் நான். இதற்குமேல் ஒருத்தனுக்கு என்ன அசிங்கம் வேண்டும்?

மறுநாள் காலையில் அதே சாக்கோடு, ஆணியில் மாட்டியிருந்த அந்த ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு மலையேறினேன். பதினோரு வருஷத்தில் எத்தனையோ தடவை போடிமெட்டு தாண்டி மெஷின் ரிப்பேருக்குப் போயிருக்கிறேன். அந்த ஸ்டோர் இருக்கிற பாதையில் மட்டும் வண்டியைத் திருப்பியதில்லை. அண்ணன் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தார். வலது மணிக்கட்டு கோணலாகவே கூடியிருந்தது, இடது கையால்தான் எல்லாம் செய்தார். என்னைப் பார்த்ததும், "யாருக்கும் ஒண்ணும் இல்லையே?" என்று பதறிக்கொண்டு கேட்டார். சாவுச் செய்தி சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தார்.

"அண்ணே, சல்லடைல ஓட்டையப் பெருசு பண்ணுனது நான்தான்" என்றேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு ஒன்று இருந்தது, அது வரவில்லை.

"தெரியும்" என்றார்.

"எப்பத் தெரியும்?"

"அப்பயே. ஆட்டிப் பாக்குறவனுக்குத் தெரியாதா? தட்டவே வேண்டாம, காயி பொலபொலன்னு விழுந்துச்சு. கணக்கப்பிள்ளையக் கேட்டேன். வாயத் தொறந்தா ஒன் தம்பிதான் போட்டான்னு கூட்டத்துல சொல்லிருவேன்னாரு."

"சொன்னாச் சொல்லட்டும்னு விட வேண்டியதுதானே?"

அவர் விறகை ஒழுங்காகத் தள்ளி வைத்துவிட்டு நிமிர்ந்தார். "அந்தக் கூட்டம் இருந்த இருப்புக்கு ஒன்னையத் தூக்கிப் போட்டு மிதிச்சிருக்கும்டா. நீ அடிக்கத்தான் லாயக்கு. அடி தாங்க மாட்ட."

பை நிறையக் கொண்டுபோயிருந்த அழுகை அந்த இடத்தில் கோபமாக மாறியது. என்னைக் காப்பாற்ற இவரை யார் கேட்டது? ஸ்பேனரை எடுத்து அவர் கையில் திணித்து, "அடி. இங்கனயே அடி" என்று கத்தினேன். அவர் அதை வாங்கி விறகுக்கட்டின்மேல் வைத்தார்.

"சாரமில்லடா" என்றார். பரவாயில்லை என்பதற்கு மலையாளத்துக்காரர்கள் சொல்கிற சொல். மேலே இருந்து இருந்து அது அவர் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மதினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அவருக்கு எதுவுமே தெரியாது. இத்தனை வருஷமும் தன் புருஷன் உண்மையிலேயே திருடினாரா என்று அவரும் கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை. நேராக வந்து அண்ணனின் நெஞ்சில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தார். "எங்கிட்டகூடச் சொல்லலையே பாவி! களவாணி பொண்டாட்டின்னு எங்கக்கா வீட்டுக் கல்யாணத்துல என்னையப் பந்தியில இருந்து எந்திரிக்க வச்சாங்களே, அன்னைக்காச்சும் சொன்னியா?" அண்ணன் நகராமல் நின்று வாங்கிக்கொண்டார். அப்புறம் மதினி என் பக்கம் திரும்பினார்.

"இவரு சாரமில்லம்பாரு. எனக்குச் சாரம் இருக்கு. அடிச்சது எங்கன?"

"போடியில, மதினி."

"மலையேறி வந்து அடுப்புக்கிட்டச் சொன்னா யாருக்குக் கேக்கும்? எங்கன அடிச்சயோ அங்கன போயிச் சொல்லு. இல்லைன்னா இந்த வாசல மிதிக்காத."

எங்கே சொல்வது? குடோன் இருந்த இடம் இப்போது வெறும் பொட்டல். ஆனால் தோட்டக்காரர்கள் மலைக்குப் போக ஜீப்புக்காகக் காத்து நிற்கும் டீக்கடை அதற்கு எதிரில்தான். காலை ஏழு மணிக்கு அன்று முற்றத்தில் நின்றவர்களில் பாதிப் பேரையாவது அங்கே பார்க்கலாம். அவர்கள்தான் என் பட்டறைக்குச் சோறு போடுகிறவர்கள். சல்லடையும் மருந்தடிக்கும் மெஷினும் என்னிடம்தான் வரும். சொன்னால் அத்தோடு பட்டறை போச்சு. சொல்லாவிட்டால் அண்ணன் சாகும்வரை களவாணி. பாதி வழியிலேயே முடிவு தெரிந்துவிட்டது, ஆனாலும் இரண்டு நாள் தள்ளிப் போட்டேன். பயம்தான், வேறென்ன.

மூன்றாம் நாள் விளக்கைத் தூக்கிக்கொண்டு போய் டீக்கடை பெஞ்சின்மேல் வைத்தேன். பொட்டிபுரத்தக்கா டம்ளரோடு நின்றிருந்தாள். "என்னப்பா இது, தேர் மாதிரி?" என்றாள். கடைக்காரரிடம் பிளக் கேட்டு விளக்கைப் போட்டேன். மடத்தனம். சுள்ளென்று வெயில், ஒரு புள்ளிகூடத் தெரியவில்லை. "பகல்ல வெளக்கு ஏத்துறான்" என்று யாரோ சிரித்தார்கள்.

பல்பை அணைத்துவிட்டு, பையில் இருந்து ஒரு கைப்பிடி ஏலக்காயை எடுத்து அவளிடம் கொடுத்தேன். "அக்கா, இது ஒங்க காயத் தின்ன சல்லடை. ஓரத்து ஓட்டையில ஒரு காய அழுத்துங்க." அழுத்தினாள். நின்றது. "இப்ப நடுவுல." வைத்த உடனேயே காய் உள்ளே விழுந்து தகட்டில் கலகலவென்று உருண்டது. இன்னொன்று வைத்தாள். அதுவும் விழுந்தது. சிரித்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள்.

"எங்கண்ணன் ஒரு காய்கூட எடுக்கல. இந்த ஓட்டையப் போட்டது நான். எதுக்குன்னு தெரியாமத்தான் போட்டேன். ஆனாப் போட்டது நான்தான். போட்டவனே அவர அடிச்சேன்" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

பொட்டிபுரத்தக்கா குனிந்தாள். காயைப் பொறுக்கத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன். காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள். முதல் அடி கன்னத்தில். அடுத்தது மூக்கில். "எம்மகளப் படிப்ப நிப்பாட்டித் தோட்டத்துக்கு அனுப்புனேன்டா அந்த வருசம்" என்று ஒன்று. "நல்ல மனுசன் மூஞ்சியில துப்ப வச்சிட்டியேடா" என்று ஒன்று. பின்னால் இருந்து எவனோ இடுப்பில் உதைத்தான். பெஞ்சில் மோதி விழுந்தேன், விளக்கும் என்மேல் சாய்ந்தது, பல்சக்கரம் நெற்றியைக் கீறியது. எனக்கு இருக்கிற கைக்கு அந்தக் கூட்டத்தில் நாலு பேரையாவது சாய்த்திருக்கலாம். கையைத் தூக்கவில்லை. வலி பொறுக்க முடியாமல் அழுதேன், நாற்பத்தாறு வயதில், நடுத்தெருவில்.

அவளுக்கு மூச்சு வாங்கியது. செருப்பைக் கீழே போட்டுக் காலில் மாட்டிக்கொண்டாள். என்னை உதைத்தவனைப் பார்த்து "போதும்" என்றாள். அப்புறம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஒங்கண்ணன் இப்ப எங்க இருக்காரு?"

பதினோரு வருஷமாக அந்தத் தெருவில் அவன், இவன், களவாணி என்றுதான் என் காதில் விழுந்திருக்கிறது. நானும் அப்படிச் சொன்னவன்தான். மூக்கில் வழிந்த ரத்தம் வாய்க்குள் வந்துகொண்டிருந்தது. அதைத் துப்பிவிட்டுச் சொன்னேன்.

"மலையில இருக்காருக்கா."